தண்ணியாகிப் போகும் ஜின்: திருமலை வீட்டு கொக்டெயிலுக்கு ஒரு வழி

உப்புவெளியில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, கனடாவில் இருந்து வந்த மச்சான் ஒரு ஜின் போத்தல் தந்துவிட்டுப் போனார். வீடியோ பார்த்து வீட்டில் மூன்று விதமான கொக்டெயில் செய்தேன். மூன்றும் தண்ணி மாதிரி, அதில் ஒன்று கசப்பு வேறு. ஜின்னில் பிழையா, என்னில் பிழையா? ஷேக்கர், அது இது என்று வாங்க வசதியில்லை. திருகோணமலையில் கிடைக்கிறதை வைத்து என்ன செய்யலாம்? மனைவி குடிக்கமாட்டார், அவருக்கும் ஏதாவது சொல்லுங்கள்."

ஜின்னில் பிழையிருக்க வாய்ப்புக் குறைவு. உங்களுடைய ஐஸைத்தான் நான் சந்தேகப்படுகிறேன். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் பாரில் ஒன்பது வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த ஊரில் கொக்டெயில் கெட்டுப்போகிறதென்றால் பத்தில் எட்டுத் தடவை காரணம் ஐஸ், மிச்சம் இரண்டு தேசிக்காய். வீடியோவில் வருகிறவர் குளிரூட்டிய அறையில் நின்று குலுக்குகிறார். நீங்கள் கச்சான் காற்று அடிக்கிற ஜூலை மாதத்தில், குசினி ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு குலுக்குகிறீர்கள். அவர் சொல்லும் அளவும் நேரமும் உங்கள் குசினிக்குப் பொருந்தாது.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஐஸ் தட்டை வெளியே எடுத்து மேசையில் வைக்கிறீர்கள். போத்தலைத் தேடி, தேசிக்காய் வெட்டி, சீனி கரைத்து முடிக்கும்போது ஐந்து நிமிடம் போய்விடும். அதற்குள் ஐஸ் கட்டியின் மேல் தோல் முழுக்க ஈரம். அந்த ஈரம் குளிர்ச்சி எதையும் தராமல், நேராக உங்கள் கிளாஸுக்குள் தண்ணியாகப் போய்ச் சேரும். பிறகு சிக்கனம் பார்த்து மூன்றே மூன்று கட்டி போடுகிறீர்கள். சூடான கிளாஸ், சூடான ஜின், சூடான டொனிக், எல்லாவற்றையும் குளிர்விக்க அந்த மூன்று கட்டியும் முழுவதாகக் கரைந்தாகவேண்டும். கிளாஸை விளிம்புவரை ஐஸால் நிரப்பியிருந்தால் அதில் கொஞ்சம்தான் கரைந்திருக்கும். ஐஸ் கூடப் போட்டால் தண்ணி கூடும் என்று நம் ஆட்கள் பயப்படுவார்கள். நடப்பது நேர்மாறு.

ஆகவே வேலை வரிசையை மாற்றுங்கள். எல்லாவற்றையும் வெட்டி, பிழிந்து, அளந்து வைத்த பிறகு, கடைசியாக ஃப்ரீசரைத் திறந்து ஐஸை எடுங்கள். கிளாஸை அரை மணித்தியாலம் முன்பே பிரிட்ஜில் வையுங்கள். டொனிக், சோடா, ஜிஞ்சர் பியர் எதுவானாலும் முதல் நாளே பிரிட்ஜுக்குள் போகவேண்டும். சின்னச் சதுரக் கட்டிகளைவிடப் பெரிய கட்டி மெதுவாகக் கரையும். பழைய தயிர்க் கோப்பை, ஐஸ்கிறீம் டப்பா எதிலாவது தண்ணீர் ஊற்றி உறையவைத்து, துணியில் சுற்றிக் கரண்டிக் காம்பால் தட்டி உடைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணி உவர் என்றால் அதில் ஐஸ் போடவேண்டாம். குடிக்கிற தண்ணியில் போடுங்கள்.

இன்னொன்று, மணம். திருமலை வீட்டு ஃப்ரீசரில் என்ன இருக்கும்? கணவாய், சூரை, அரைத்த தேங்காய், சில வீட்டில் கருவாடும். திறந்த தட்டில் இருக்கிற ஐஸ் இந்த மணத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். உறைந்ததும் கட்டிகளைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். எனக்கு இது அனுபவத்தில் வந்த பாடம். ஒரு ஓகஸ்ட் மாதம், சீசன் உச்சத்தில், ஹோட்டலின் ஐஸ் மெஷின் நின்றுபோனது. முதலாளிக்குச் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் போய், சாக்கில் சுற்றி ஒரு பெரிய ஐஸ் பாளம் வாங்கிவந்து உடைத்துப் போட்டேன். பார்க்கக் கண்ணாடி போல இருந்தது. முதல் கிளாஸைக் குடித்த வெள்ளைக்காரப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. கிளாஸைத் திரும்ப என் பக்கம் தள்ளி, மூக்கைத் தொட்டுக் காட்டினார். மணந்து பார்த்தேன், பாரை மீன். படகுக்குப் போகிற ஐஸ் அது, குடிக்கிறதுக்கென்று செய்ததே அல்ல. அன்று மாலை முழுக்கச் சூடான பியர்தான் விற்றேன்.

சரி, சாமான். ஷேக்கர் தேவையில்லை. மூடி இறுக்கமான பெரிய ஜாம் போத்தல் போதும். வடிக்கத் தேத்தண்ணி வடி. அளக்க, பிள்ளைகளின் காய்ச்சல் பாணி மருந்தோடு வருகிற சின்னப் பிளாஸ்டிக் கப். அதில் மில்லிலீட்டர் கோடு போட்டிருக்கும். வீடியோவில் அவுன்ஸ் என்று சொன்னால் 30 மில்லி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கண் அளவில் ஊற்றாதீர்கள். ஒன்பது வருடம் நின்ற நானே வீட்டில் அளந்துதான் ஊற்றுகிறேன்.

முதலில் ஒரே ஒரு கணக்கைப் பழகுங்கள்: 60, 20, 20. ஜின் 60 மில்லி, தேசிச்சாறு 20, சீனிப்பாகு 20. சீனிப்பாகு என்றால் ஒரு கப் சீனி, ஒரு கப் சுடுதண்ணி, கரைத்து ஆறவைத்தது. பிரிட்ஜில் இரண்டு கிழமை இருக்கும். மூன்றையும் ஜாம் போத்தலில் ஊற்றி, முக்கால்வாசிக்கு ஐஸ் போட்டு, மூடியை இறுக்கி, துணியால் பிடித்துக்கொண்டு 12 முதல் 15 செக்கன் பலமாகக் குலுக்குங்கள். சும்மா ஆட்டுவதில் பயனில்லை. தேங்காய்ப்பால் புட்டியைக் குலுக்குகிற மாதிரி, கட்டி சுவரில் அடிபடுகிற சத்தம் கேட்கவேண்டும். இதுதான் ஜின் சவர். இதே சாமானை நீண்ட கிளாஸில் வடித்து மேலே சோடா ஊற்றினால் கொலின்ஸ். குலுக்கும்போது புதினா இலை போட்டால் சவுத்சைட். ஒரு கணக்கில் மூன்று பெயர்.

இப்போது உங்கள் ஐஸைச் சோதிக்கலாம். உள்ளே போனது 100 மில்லி. குலுக்கி வடித்ததை அதே மருந்துக் கப்பால் அளந்து பாருங்கள். 130, 135 வந்தால் அருமை. அந்த 30 சொச்சம் தண்ணி வந்துதான் ஆகவேண்டும், அது வராவிட்டால் ஜின் தொண்டையைச் சுடும். 150ஐத் தாண்டினால் உங்கள் ஐஸ் ஈரம், அல்லது போதாது, அல்லது நீங்கள் ஆசையில் அரை நிமிடம் குலுக்கிவிட்டீர்கள். உங்களுடைய மூன்று வகையும் தண்ணியானது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஜின் போத்தலை ஃப்ரீசரில் வைக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். உறையாது, 40 வீதச் சாராயம் உறைய வீட்டு ஃப்ரீசரின் குளிர் போதாது. ஜின் டொனிக்குக்கு அப்படி வைப்பது மெத்த நல்லது. ஆனால் குலுக்குகிற வகைக்கு ஃப்ரீசர் ஜின் ஊற்றினால் ஐஸ் போதிய அளவு கரையாது, வருவது கடுப்பான ஒரு சாமான். அதற்கு அறைச்சூட்டு ஜின்னே சரி.

கசப்புக்கு வருவோம். அது தேசிக்காயின் வேலையாக இருக்கும். வெளிநாட்டுச் செய்முறை பாதியில் எலுமிச்சை, அதாவது மஞ்சள் லெமன் என்று எழுதியிருக்கும். இங்கே அதைத் தேடி அலையவேண்டாம், நம் தேசிக்காயே போதும். ஆனால் அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது: பிழிந்து வைத்த சாறு நேரம் போகப் போகக் கசக்கும். காலையில் பிழிந்து இரவுக்கு எடுக்காதீர்கள். பிழியும்போது தோலையும் வெள்ளைச் சதையையும் சேர்த்து நசுக்கினாலும், விதை நசுங்கினாலும் கசப்பு இறங்கும். மேசையில் உள்ளங்கையால் உருட்டி, குறுக்கே வெட்டி, விதையை எடுத்துவிட்டு, கையால் ஒரு பிழி. அதோடு விட்டுவிடுங்கள். கடைசிச் சொட்டுவரை முறுக்குவது சொதிக்குச் சரி, இதற்கு வேண்டாம். சின்னத் தேசிக்காய் என்றால் 20 மில்லிக்கு ஒன்றரை தேவைப்படலாம்.

கசந்தது ஜின் டொனிக் என்றால் அது வேறு கதை. டொனிக்கின் கசப்பு குயினைன் கசப்பு. மலேரியாவுக்குக் கொடுத்த அதே மருந்து. வெள்ளைக்காரர் வெப்ப நாடுகளில் அந்தக் கசப்பை விழுங்கச் சீனியும் சோடாவும் ஜின்னும் சேர்த்ததில் வந்ததுதான் இந்தப் பானம் என்பார்கள். திருமலைப் பக்கத்து முதியவர்களைக் கேட்டால் குளிர்காய்ச்சலையும் குயினைனையும் பற்றிச் சொல்லுவார்கள். 2016இல்தான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. இப்போது கடையில் வருகிற டொனிக்கில் குயினைன் கசப்புச் சுவைக்குத்தான் இருக்கிறது, யாரும் அதை மருந்தென்று நினைத்துக் குடிக்கவேண்டாம். ஒரு பங்கு ஜின்னுக்கு மூன்று பங்கு டொனிக்கில் தொடங்குங்கள், கசப்புப் பிடிக்காவிட்டால் பாதி டொனிக், பாதி சோடா. உப்பு ஒரு சிட்டிகை, உண்மையிலேயே ஒரே சிட்டிகை, போட்டுப் பாருங்கள். கசப்பை உப்பு அடக்கும். பாவற்காயை உப்புப் போட்டுப் பிசைகிற வீட்டில் பிறந்தவருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஒன்றைத்தான் செய்வேன் என்றால் கிம்லெட் செய்யுங்கள். இந்த ஊருக்கு ஏற்றது அதுதான், காரணமும் இருக்கிறது. டொக்யார்ட் வீதியால் போய்வருகிற நமக்கு இந்தத் துறைமுகம் 1957வரை பிரித்தானியக் கடற்படையிடம் இருந்தது தெரியும். அந்தக் கடற்படையில் மாலுமிகளுக்கு ரம், அதிகாரிகளுக்கு ஜின் என்பது வழக்கம். கப்பலில் பல் ஈறுகளில் இரத்தம் கசிகிற ஸ்கேர்வி நோய்க்குத் தேசிச்சாறு. 1867இல் லோக்லின் ரோஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், தேசிச்சாற்றைச் சாராயம் கலக்காமல் சீனியால் பழுதாகாமல் வைக்கும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார். வணிகக் கப்பல்களில் தேசிச்சாறு கொடுக்கவேண்டும் என்று பிரித்தானியச் சட்டம் வந்ததும் அதே ஆண்டு. அந்த இனிப்புச் சாறும் அதிகாரியின் ஜின்னும் ஒரே கிளாஸுக்குள் வந்ததுதான் கிம்லெட் என்பார்கள்.

கடையில் விற்கிற லைம் கோர்டியலில், அதாவது சீனி சேர்த்த தேசிச்சாற்றில், செய்யலாம். ஆனால் வீட்டில் செய்த கோர்டியலை ஒருமுறை ருசித்தால் கடைப் போத்தல் பக்கம் போகமாட்டீர்கள். நல்ல பச்சைத் தேசிக்காய் ஆறு எடுத்துக் கழுவித் துடையுங்கள். தோல் சீவியால் பச்சைத் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவுங்கள், வெள்ளை வரக்கூடாது. 150 கிராம் சீனியில் அந்தத் தோலைப் போட்டு, மாப் பிசைகிற மாதிரி இரண்டு நிமிடம் விரலால் தேயுங்கள். சீனி பச்சை பிடித்து ஈரமாகும், குசினி முழுக்க மணக்கும். மூடி வைத்துவிட்டுப் படுங்கள். தோல் சீவிய தேசிக்காய்களைப் பிரிட்ஜில் வையுங்கள். காலையில் பார்த்தால் கிண்ணத்தின் அடியில் பாகு கட்டியிருக்கும், அது தோலில் இருந்த எண்ணெயும் ஈரமும் சீனியோடு சேர்ந்தது. இப்போது ஆறையும் பிழிந்து, கிட்டத்தட்ட 120 மில்லி சாறு வரும், அதை ஊற்றிச் சீனி கரையும்வரை கிண்டுங்கள். அடுப்பில் வைக்காதீர்கள், சூடு பட்டால் வாசம் செத்துவிடும். வடித்துப் போத்தலில் அடைத்து பிரிட்ஜில் வைத்தால் பத்து நாள் தாராளமாக இருக்கும். சீனி இருக்கிறதால், பிழிந்து வைத்த வெறும் சாறு போல இது சட்டென்று கெடாது.

ஜின் 60, இந்தக் கோர்டியல் 30, ஐஸ், குலுக்கல், வடித்தல். அவ்வளவுதான் கிம்லெட். இனிப்புத் தூக்கினால் ஐந்து மில்லி புதுத் தேசிச்சாறு.

இதில் நான் சேர்க்கிற ஒன்று கறிவேப்பிலை. ஐந்தாறு இலையை ஒரு உள்ளங்கையில் வைத்து மற்றக் கையால் ஒரு தட்டுத் தட்டி, குலுக்கும் போத்தலில் போடுங்கள். உரலில் இடித்தோ நசுக்கியோ போட்டால் கிம்லெட் போய்ச் சொதி வந்துவிடும், அனுபவத்தில் சொல்கிறேன். இது என் கண்டுபிடிப்பும் இல்லை. ரொக்லண்ட் நிறுவனத்தின் கொழும்பு நம்பர் 7 ஜின்னில் கறிவேப்பிலை, கறுவா, இஞ்சி மூன்றும் இருக்கின்றன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு வாசனைச் சரக்கு கிடைக்காமல் போனபோது உள்ளூர்ச் சாமானைப் போட்டுப் பார்த்ததில் வந்த முறை அது. ஜூனிப்பர் காய் இல்லாமல் ஜின் இல்லை, அது நம் நாட்டில் விளைவதில்லை. மற்றதில் பலதும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. மச்சான் தந்த போத்தல் முடிந்ததும் அடுத்தது உள்ளூர் ஜின்னாகவே இருக்கட்டும். வரி கட்டிய இறக்குமதிப் போத்தலின் விலைக்குக் கிம்லெட்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. கலால் திணைக்கள ஸ்டிக்கர் ஒட்டிய சீல் போத்தலாகப் பார்த்து வாங்குங்கள். போயா தினத்தில் கடை பூட்டு, முதல் நாளே யோசியுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் எந்தக் கடையிலும் இருக்கும்: ஜின் 50, தேசிச்சாறு 15, மேலே 120 ஜிஞ்சர் பியர். அதுவே நல்ல இனிப்பு என்பதால் பாகு சேர்க்காதீர்கள். விருந்தினர் வந்தால் நான் செய்வது இதுதான், குலுக்கவும் தேவையில்லை. இன்னொன்று இளநீரில்: செவ்விளநீர் 100, ஜின் 50, தேசிச்சாறு 10, உப்பு நகக்கண் அளவு. இளநீர் வெட்டின உடனே குடிக்கவேண்டும், கடற்கரைக்குக் கொண்டுபோய் அலைத்தால் புளித்துவிடும். தேயிலை ஜின் செய்ய ஆசையென்றால் 250 மில்லி ஜின்னில் ஒரு மேசைக்கரண்டி தேயிலை போட்டுப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ருசி பாருங்கள், துவர்ப்புத் தொடங்குமுன் வடித்துவிடுங்கள். நம் வீட்டுத் தூள் தேயிலை வேகமாக இறங்கும், மறந்துபோய் இரவு முழுக்க விட்டால் மை மாதிரி வரும். அதை 60, 20, 20 கணக்கிலேயே போடலாம்.

செய்து பார்த்துக் கைவிட்டவையும் உண்டு. பனங்கட்டிப் பாகு ஜின்னை விழுங்கிவிடும், சாராயத்தோடு போட்டால்தான் அதற்கு மரியாதை. விளாம்பழமும் அப்படியே. மாம்பழத்தில் ஜின் ஊற்றினால் நீங்கள் குடிப்பது மாம்பழச்சாறு, ஜின் எங்கே என்று தேடவேண்டும். நெக்ரோனி, மார்ட்டினி என்று வீடியோவில் வருவதை இப்போதைக்கு விடுங்கள். கம்பாரி, வெர்மூத் என்று இரண்டு மூன்று இறக்குமதிப் போத்தல் வேண்டும், வெர்மூத்தைத் திறந்தால் பிரிட்ஜில் வைத்துச் சில கிழமைக்குள் முடிக்கவும் வேண்டும். வசதியில்லை என்று சொல்பவருக்கு அது வீண் செலவு.

ஒரு எச்சரிக்கை மட்டும். 60 மில்லி ஜின் என்பது ஏறத்தாழ 19 கிராம் சுத்த அல்ககோல். கோர்டியலின் இனிப்பு அதை மறைத்துவிடும், தேசித்தண்ணி மாதிரி இறங்கும். இரண்டோடு நிறுத்தி, கச்சான் கொட்டையோ பொரித்த சூடையோ பக்கத்தில் வையுங்கள். மோட்டார் சைக்கிள் திறப்பை முதலிலேயே மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

மனைவிக்கு அந்தக் கோர்டியலே போதும். 40 மில்லி கோர்டியல், கிளாஸ் நிறைய ஐஸ், தட்டிய கறிவேப்பிலை, மேலே குளிர்ந்த சோடா. கிளாஸும் உங்களுடையது போலவே நீண்டதாக இருக்கட்டும், தண்ணிக் கிளாஸில் கொடுத்து அவமதிக்காதீர்கள். என் வீட்டில் ஆறு தேசிக்காய்க் கோர்டியலில் பாதிக்கு மேல் அப்படித்தான் தீர்கிறது. என் மனைவி என் கிளாஸை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டு, "உங்கட தேசித்தண்ணிக்குள்ள ஆரோ சவுக்காரம் போட்டிட்டினம்" என்று சொல்லித் தன்னுடையதை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். இப்போது கோர்டியல் போட்டால் இரண்டு போத்தலாகப் போடுகிறேன்.